பாதை ஓடும் நேரம்

இரவு ஏழு நாற்பதுக்கு ஜதுர்ஷன் எடுத்தான்,
குருமண்வெளித் துறையடியிலிருந்து.
"அக்கா, போன் ஆத்துக்குள்ள போகச் சொல்லுது.
நேரா போ, ஆறு நிமிசத்தில மண்டூர் எண்டுது.
இங்க தண்ணிதான் கிடக்கு. போகட்டா?"

பின்சீட்டில் கட்டியிருந்தது
படுவான்கரைப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் பிரிண்டர்,
பதினாலு கிலோ.
நான் களுவாஞ்சிகுடிக் கிளையில்
பார்சல்களுக்கு வழி பிரித்துக் கொடுப்பவள்.
திரும்பி வா என்றேன்.
பட்டிருப்புப் பாலத்தால் சுற்றிப் போயிருக்கலாம்.
எனக்கும் தெரியும். போன் சொல்லுமென்று விட்டுவிட்டேன்.

வரைபடத்தில் பிழையில்லை.
யாரோ புண்ணியவான் சரியாகவே எழுதியிருந்தார்:
குருமண்வெளிப் பாதை.
வழி தேடுகிற மென்பொருள்தான்
தமிழ் படித்துக் கெட்டுப்போயிருந்தது.
பாதையென்றால் நடக்கிற வழி, எந்நேரமும் திறந்திருக்கும் என்று
யாரோ அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.
எங்கள் பாதை மிதக்கும்.
மோட்டார் சைக்கிளையும் ஆட்டையும் அரிசி மூட்டையையும்
ஒன்றாக ஏற்றும்.
இருட்டினால் கட்டிவைப்பார்கள்.

முறைப்பாடு எழுதினேன், கோபமாக,
கரண்ட் போனால் எழுதுகிற மாதிரி.
ஒரு மணித்தியாலத்தில் பதில் வந்தது. பெயர் ஈவார்,
ஊர் தெரியாது.
"நன்றி. நிரல் திறந்துதான் கிடக்கிறது.
நீங்களே திருத்தி அனுப்பலாமே?"

நானா?
கணக்கியல் டிப்ளோமாவில் பாதி படித்தவள்.
எக்செல் கூட்டிய தொகையை
கல்குலேட்டரிலும் ஒருக்கால் பார்க்கிறவள்.

புதிதாக வருகிறவர்களுக்கென்று ஒரு கோப்பு இருந்தது.
நகல் எடு என்றது. எடுத்தேன்.
கிளை ஒன்று போடு என்றது.
கிளையென்றதும் எனக்கு வாடகை, ஷட்டர் பூட்டு,
மாதக் கடைசிக் கணக்கு எல்லாம் வந்து நின்றன.
இதற்கு ஒரு பெயர் போதும்.
'மண்டூர்' என்று வைத்தேன். டேட்டா முடிந்தது.
இரண்டாம் நாள் திரை முழுக்கச் சிவப்பு எழுத்து,
தேடித் தேடிப் பார்த்தால் ஒரு கமா.
மூன்றாம் நாள் அந்த வரியைக் கண்டேன்.
நாற்பது மொழிச் சொற்கள் நிரையாக நிற்க
நடுவில் எங்கள் 'பாதை'.
தூக்கி எறிந்துவிட்டு அனுப்பினேன்.

எங்கெங்கோ இருக்கிற ஒற்றையடிப் பாதைகளெல்லாம்
ஒரே நொடியில் அறுந்தன.
சோதனைகள் பன்னிரண்டும் தோல்வி,
எல்லாரும் பார்க்கிற இடத்தில்.
லெப்டொப்பை மூடிவைத்துவிட்டுப் போய் மீன் கழுவினேன்.

ஈவார் கோபிக்கவில்லை. கேட்டார்:
"ஒரே சொல் எப்படி நிலத்திலும் நீரிலும் இருக்கிறது?"
நிரலுக்குப் போன நேரத்தைவிட
இந்த விடைக்குக் கூடப் போனது.
கடைசியில் எழுதினேன்:
அந்தக் கரைக்குப் போக அங்கே வேறு பாதை இருக்கவில்லை,
அதனால் அதற்கே பாதை என்று பேர்.
உண்மையோ தெரியாது. அனுப்பிய பிறகு
உண்மை மாதிரித்தான் இருந்தது.

கீழே தண்ணீர் என்றால் பாதை ஒரு படகு, மணியைப் பார்.
இல்லையென்றால் பழையபடி.
நான் சேர்த்தது இவ்வளவுதான், இரண்டு வரி.
ஓரிடத்தில் இடைவெளி கூட என்று
அதையும் ஒருமுறை திருப்பி அனுப்பினார்கள்.

வியாழக்கிழமை, சேர்த்துக்கொண்டோம் என்று வந்தது.
பங்களித்தவர்கள் பட்டியலில்
முந்நூற்றுப் பதினேழாவது, வே. நிரோஜினி.
மனேஜருக்குக் காட்டினேன்.
"சம்பளம் தருவாங்களா?"
இல்லை.
"அப்ப என்னத்துக்கு?"
டேப்பை இழுத்து ஒரு பெட்டியை ஒட்டினேன்.
தேவைக்கு மேல் இரண்டு சுற்று.

அடுத்த கிழமை ஜதுர்ஷன் வந்து நின்றான்.
"அக்கா, காலமை எட்டரை.
பாதை ஆள் ஏத்திக்கொண்டு நிக்கிது, கண்ணுக்கு முன்னால.
போன் பட்டிருப்பால சுத்திப் போகட்டாம்.
நானும் சுத்தினன். பெற்றோல் காசு ஆர் தாற?"

கூடிய தூரத்தை நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
மணியைப் பார் என்றுதான் எழுதியிருந்தேன்.
எந்த ஊர் மணி என்று எழுதவில்லை.

புதுக் கிளை ஒன்று போட்டேன்.
எழுவான்கரையில் வெயில் ஏறி ஷட்டர் சுட்டது.
ஈவாரின் ஊரில் இன்னும் விடிந்திருக்காது.